விளாடிவொஸ்தொக் போய் வந்தவன்

ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் டாக்ஸியை விட்டு இறங்கியபோது மத்தியானம் ஒரு மணி. கால் இரண்டும் வீங்கியிருந்தன. விளாடிவொஸ்தொக்கிலிருந்து சியோல் வந்து, அங்கே ஒன்பது மணி நேரம் குந்தியிருந்து, பிறகு ஆக்லாந்து. ரஷ்யா போய் வந்தவன் என்று பெருமைப்படத் தெம்பில்லை. குளித்துவிட்டுப் படுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே அண்ணி இருந்தார்.

அண்ணி அன்னபாக்கியம் என் தமையன் ஆனந்தராசாவின் மனைவி. அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். 1996 மார்கழியில் விளாடிவொஸ்தொக் துறைமுகத்திலிருந்து ஒரு கடிதம் போட்டார். கப்பல் முதலாளி கைவிட்டுவிட்டான், கடல் உறைந்து கிடக்கிறது, எப்படியும் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தார். அது யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததே பங்குனியில்தான். அதன் பிறகு ஒரு சொல் இல்லை. இருபது வருடங்களாக அண்ணி குங்குமம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், முதலில் ஊரில், பிறகு இங்கே, எங்களோடுதான். திகதி தெரியாமல் திவசம் எப்படிச் செய்வது? நான் பஸ் ஓட்டுகிறவன். லீவும் விசாவும் ஒன்றாய்க் கிடைக்க இத்தனை காலம் ஆயிற்று என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் பயம்.

அந்த ஊர் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. ஆக்லாந்து மாதிரியே மேடும் பள்ளமும், எந்தத் தெருவில் இறங்கினாலும் கடல். எங்கள் வீட்டில் நிற்பது போன்ற பழைய ஜப்பான் கார்கள். அண்ணனை விழுங்கிய ஊருக்கு இவ்வளவு பழகிய முகம் இருந்திருக்கக் கூடாது.

துறைமுகக் கந்தோர், ஆஸ்பத்திரி, பொலிஸ் என்று நாலு நாள் அலைந்தேன். கதைத்தது எல்லாம் போனில் மொழிபெயர்த்துத்தான். கடைசியில் மயானக் கந்தோரில் ஒரு பெண்மணி தடித்த பதிவேட்டைப் புரட்டி, நான் நீட்டிய அண்ணனின் பாஸ்போர்ட் கொப்பியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுத் தலையசைத்தார். 1997 மாசி எட்டு. நிமோனியா. மேட்டில் பனிக்குள் ஒரு இரும்புத் தகடு, அதில் இலக்கம் மட்டும். அழுகை வரவில்லை. குளிரத்தான் குளிர்ந்தது.

அங்கிருந்தே என் மனைவி கஜானிக்குப் போன் எடுத்தேன்.

"போனிலை அக்காவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள், அண்ணியை அக்கா என்று கூப்பிடுகிறவள். "வந்து சொல்லுங்கோ. முதல் அவ சாப்பிடட்டும்."

எங்கள் ஆட்கள் அப்படித்தான். சாவுச் செய்தியைப் பசித்த வயிற்றோடு இருப்பவரிடம் சொல்ல மாட்டோம். சொன்ன பிறகு வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே முதலில் சாப்பிட வைத்துவிடுவோம்.

அண்ணிதான் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லாக் களைச்சுப்போனீர் தம்பி. வாரும், சோறு போடுறன்."

"நான் பிளேனிலை சாப்பிட்டிட்டன் அண்ணி. நீங்கள் இருங்கோ. நீங்கள் முதல் சாப்பிடுங்கோ."

இருபது வருடத்தில் நான் அண்ணியிடம் அப்படிச் சொன்னதே கிடையாது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு குசினியில் நின்றபடி சாப்பிடுகிறவர் அவர். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கஜானி பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும்.

அண்ணி கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கஜானி சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டாள். ஒரு பருக்கை விடாமல், மெதுவாக, தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். எதிரே இருந்த எனக்குக் கண் சொக்கியது. சீக்கிரம் முடிந்தால் சொல்லிவிட்டுப் படுக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

தட்டு வெறுமையானது. நான் தொண்டையைச் செருமினேன்.

"அண்ணி..."

"பொறும் தம்பி."

இரண்டாம் முறை சோறு கேட்டறியாத மனுசி, தட்டைக் கஜானி பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடும் பிள்ளை. நான் இன்னும் சாப்பிட்டு முடியேல்லை."