எட்டு வருட அனுபவம்

மருந்துக் கடைக்காரருக்கு ஊரார் வைத்திருந்த பட்டப்பெயர் "ரெண்டு வேளை". மாத்திரை அட்டையை நீட்டும்போது, "சாப்பிட்ட பிறகு, ரெண்டு வேளை, மறந்துடாதீங்க" என்பார். வாங்கியவர் வாசலைத் தாண்டுவதற்குள் இன்னொரு முறையும் சொல்வார். உறையிலும் எழுதித் தருவார். யாராவது எழுதியிருப்பதைப் படிக்காமல் மருந்து சாப்பிட்டுவிட்டு வந்து நின்றால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அப்படிப்பட்ட மனிதர்தான், நாற்பத்தாறு வயதில், ஒரு நாலு சக்கர பைக் வாங்கப் போய், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

அந்த ஆசைக்குக் காரணம் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர். அவர் ஒரு வெல்டர். வாரம் முழுக்கத் தீப்பொறிக்கு நடுவில் குந்தியிருந்துவிட்டு, சனிக்கிழமை வந்தால் தன் பழைய நாலு சக்கர பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போய்விடுவார். சேறு, பாறை, சரளை மேடு எல்லாவற்றிலும் ஏறி இறங்கி, முகமெல்லாம் மண்ணோடு சிரித்துக்கொண்டு திரும்புவார். பிள்ளைகள் அவரை மொய்த்துக்கொள்வார்கள். ஒருநாள் கடைக்காரரின் மகளே, "சித்தப்பா மாதிரி உங்களுக்கு எதாவது ஓட்டத் தெரியுமாப்பா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் அது உள்ளே போய் முள்ளாகத் தைத்துவிட்டது.

அடுத்த வாரமே சகலையைக் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். நீளமான கூடம். பளபளக்கும் தரை. வண்டிகள் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக நின்றன. வாசலுக்கு மிக அருகில் நின்ற சின்ன வண்டியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

விற்பனைப் பிரிவில் இருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். குட்டையாக வெட்டிய முடி, காலில் கனத்த பூட்ஸ். புகழ்ந்து பேசித் தலையில் கட்டுகிற ரகம் இல்லை. முதலில் கேள்விகள்தான் கேட்டாள்.

"எங்க ஓட்டப் போறீங்க சார்?"

"குவாரி பக்கம். மேடு பள்ளம் எல்லாம்தான்."

"தனியாவா, பின்னாடி யாராவது உக்காருவாங்களா?"

"தனியாத்தான்."

"இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். அதற்குள் அந்தக் கூடத்தில் இருந்த வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

"எட்டு வருஷமா ஓட்டுறேன்" என்றார்.

சகலை சட்டென்று குனிந்து பக்கத்து வண்டியின் டயரைப் பார்க்க ஆரம்பித்தார். டயரில் அப்படி என்ன இருந்ததோ, வெகுநேரம் நிமிரவில்லை.

அந்தப் பெண் நடுவில் நின்ற ஒரு வண்டியைக் காட்டினாள். ஐந்நூற்று எழுபது சிசி. பவர் ஸ்டீயரிங் இருந்தது. "கல்லுல முன் சக்கரம் மோதினா கை திருகாது. எடையும் அளவா இருக்கு. வார ஓய்வுக்கு ஓட்டுறவங்களுக்கு இது தாராளம் சார். உங்க குவாரிக்கு இதுக்கு மேல தேவையே இல்ல."

"அது என்னது, கடைசில?"

"அது ஆயிரம் சிசி. பலசாலிதான், இல்லேங்கல. ஆனா கோவக்காரன். கொஞ்சம் அழுத்தினா முன்பக்கம் தூக்கும். நல்லாப் பழகினவங்களுக்குத்தான் சரிவரும்."

"நான் பழகினவன்தானே?"

சகலை மெதுவாக, "சகலை, எனக்கே அத ஓட்டப் பயமா இருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் காரியத்தைக் கெடுத்தது. சகலைக்கே பயம் என்றால், அதைத்தான் வாங்க வேண்டும் என்று கடைக்காரரின் மனம் முடிவு கட்டிவிட்டது. ஏறி உட்கார்ந்து கைப்பிடியை முறுக்கிப் பார்த்தார்.

படிவத்தில் "ஓட்டிய அனுபவம்" என்ற இடத்தில் எட்டு வருடம் என்று தன் கையாலேயே எழுதினார். புதியவர்களுக்கு அரை நாள் பயிற்சி உண்டு. "எனக்கு எதுக்கு?" என்று சிரித்தார். அந்தப் பெண் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போல இருந்தது. பிறகு பயிற்சி தேவையில்லை என்ற கட்டத்தில் குறி போட்டு, கீழே தானும் கையெழுத்திட்டாள். எஞ்சின் விசையை இரண்டு சக்கரத்துக்கா நாலுக்குமா என்று மாற்றும் டூ வீல், ஃபோர் வீல் பொத்தான், மேடு ஏறுவதற்கான லோ கியர், சிக்கிய வண்டியைக் கம்பி போட்டு இழுக்கும் வின்ச் எல்லாவற்றையும் விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் தெரிந்தவர் போலத் தலையாட்டினார். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. வண்டியோடு கொடுத்த கையேடு கடையில் இருமல் மருந்து அட்டைப்பெட்டிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை காலை குவாரிக்குப் போனார்கள். சமதரையில் கடைக்காரர் நன்றாகவே ஓட்டினார். கொஞ்சம் தைரியம் வந்தது. நடுவில் ஒரு சரளை மேடு. சகலை முதலில் ஏறி, உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு, "ஃபோர் வீல் போட்டுக்கோங்க, லோ கியர்ல வாங்க, உடம்ப முன்னால சாச்சுக்கோங்க!" என்று கத்தினார். மேலே வேறு நாலைந்து பேர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஓய்வாக நின்றிருந்தார்கள்.

கடைக்காரர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். அது ஃபோர் வீல் பொத்தானா என்று அவருக்கே தெரியாது. பாதி மேட்டில் பின் சக்கரங்கள் வெறுமனே சுழன்று சரளையை வாரி இறைத்தன. வண்டி நின்றுவிட்டது.

சகலை வழுக்கி வழுக்கிக் கால்நடையாக இறங்கி ஓடி வந்தார். முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பிரேக்க மட்டும் பிடிங்க. ஆக்சிலரேட்டரத் தொடவே தொடாதீங்க. என் வண்டியிலிருந்து வின்ச் கம்பிய இறக்கி இழுத்துடுறேன். ரெண்டு நிமிஷ வேலை."

மேலே நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். எதற்காகச் சிரித்தாரோ, தெரியாது. ஆயிரம் சிசி வண்டியைப் பழைய வண்டி ஒன்று கயிறு கட்டி இழுத்துப் போவது போன்ற காட்சி கடைக்காரரின் கண்முன் வந்து போனது. இன்னொரு பொத்தானை அழுத்தினார். ஆக்சிலரேட்டரைக் கட்டைவிரலால் முழுக்க அழுத்தினார்.

இந்த முறை நாலு சக்கரங்களும் பிடித்தன. வண்டியின் முன்பக்கம் குதிரை போல எழுந்தது. அவர் ஒரு பக்கம் விழுந்தார். வண்டி மறுபக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம்தான் சகலை நின்றிருந்தார்.

மேலே நின்றவர்கள் ஓடி வந்துதான் வண்டியைத் தூக்கினார்கள். கடைக்காரருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. சகலைக்கு இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

மருத்துவமனை வராந்தாவில் மச்சினி ஓடி வந்தாள். வேலை செய்யும் தையல் கூடத்திலிருந்து அப்படியே வந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. "என்ன ஆச்சு அத்தான்? எப்படி ஆச்சு?"

கடைக்காரரின் மனைவியும் மகளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வண்டிலதான் ஏதோ கோளாறு" என்றார். "ஃபோர் வீல் பிடிக்கவே இல்ல. திடீர்னு தூக்கிடுச்சு."

சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. உள்ளே சகலை மயக்க மருந்தில் கிடந்தார். மறுக்க ஆளில்லை. மச்சினி அங்கேயே நின்று ஷோரூமுக்குப் போன் போட்டாள். அந்த விற்பனைப் பெண்ணே எடுத்தாள் போலிருக்கிறது. வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி மச்சினி கத்தினாள். "உன் வீட்டு ஆளுக்கு இப்படி ஆனாத்தான் உனக்கெல்லாம் புத்தி வரும்!" என்றுகூடச் சொன்னாள். கடைக்காரர் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறை பற்றிய அறிவிப்பை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை கண் தெளிந்த சகலையைப் பார்க்கப் போனார். அறையில் இருவர் மட்டும்தான் இருந்தார்கள். மச்சினி சொன்னதைச் சகலை கேட்டிருந்தார். "வண்டில கோளாறாமே" என்றார், கூரையைப் பார்த்தபடி. கேலி இல்லை. கோபமும் இல்லை. கடைக்காரர் மேசையில் இருந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். சகலை கண்ணை மூடிக்கொண்டார். "நீங்களே பாத்துக்கோங்க சகலை. நான் என்ன சொல்ல?" என்றார்.

அதற்குப் பிறகு கடையில் அவர் பழைய ஆளாக இல்லை. ஒரு அம்மாவுக்கு மருந்து கொடுக்கும்போது, "எழுதியிருக்கறத ஒழுங்காப் படிங்க" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். இரவில் பக்கத்தில் மனைவி, "நல்ல வேளை, உங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்று முதுகைத் தடவியபோது, தள்ளிப் படுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் ஷோரூம் மேலாளர் அழைத்தார். குரலில் தேன் ஒழுகியது. "சார், வண்டிய முழுக்கப் பிரிச்சுப் பாத்துட்டோம். எங்களுக்குக் கோளாறு எதுவும் தெரியல. இருந்தாலும் உங்க மனசு நோகக் கூடாது. வேற வண்டி தந்துடுறோம். பயிற்சி குடுக்காம அனுப்பின அந்தப் பொண்ண வேலைலேர்ந்து எடுத்தாச்சு. நீங்க நேர்ல வந்து ஒரு புகார் மட்டும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

போனை வைத்த பிறகும் கடைக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடையைப் பூட்டினார். பட்டப்பகலில் அந்தக் கடை பூட்டியதை அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

ஷோரூமில் அந்தப் பெண் தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஒரு ஹெல்மெட், ஒரு தண்ணீர் பாட்டில், கையுறை. அவரைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றாள்.

"உங்க சகலைக்கு இப்ப எப்படி இருக்கு சார்?" என்றாள் முதலில்.

அந்தக் கேள்வியில் அவர் உடைந்துபோனார். "நான் ஓட்டினதே இல்லம்மா" என்றார். "ஒரு நாள்கூட. எட்டு வருஷம்னு சொன்னது பொய். வண்டில கோளாறுனு சொன்னதும் பொய்."

பக்கத்தில் நின்ற மெக்கானிக் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

அந்தப் பெண் ஹெல்மெட்டைப் பைக்குள் வைத்தாள், மறுபடி வெளியே எடுத்தாள். "எனக்குத் தெரியும் சார்" என்றாள். "வண்டில ஏறி உக்காந்ததும் மோட்டார் பைக் மாதிரி கைப்பிடிய முறுக்கினீங்க. இதுல கட்டைவிரலால அழுத்தணும். எட்டு வருஷம் ஓட்டினவர் கை அப்படிப் போகாது. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"அந்த மாசம் பெரிய வண்டி ஒண்ணுகூட நான் விக்கல. கேட்டா நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிடுவீங்க. அதான், கண்ணத் திறந்துக்கிட்டே கையெழுத்துப் போட்டேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க மச்சினி போன்ல திட்டினப்ப என்னால எதுத்துப் பேச முடியல சார். பாதி என் தப்புதானே."

இரண்டு பேரும் மேலாளரின் அறைக்குப் போனார்கள். கடைக்காரர் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மேலாளர் முகத்தில் தேன் இப்போது இல்லை. அந்தப் பெண்ணும் தன் பங்கை மறைக்கவில்லை. கடைசியில் அவளை வேலையில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் விற்பனைக் கூடத்திலிருந்து பின்பக்கம் உதிரிபாகப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

மிகக் கடினமான காரியம் மச்சினி வீட்டில் இருந்தது. அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். சகலை காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். கடைக்காரரின் மனைவியும் மகளும் கூடவே வந்திருந்தார்கள். அவர்தான் வரச் சொன்னார். நடு அறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மகள் பாதியிலேயே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மச்சினி மெஷினை நிறுத்தினாள்.

"இவர் கால் உடஞ்சது கெட்ட நேரம்னு விட்டுடலாம்" என்றாள். "அந்தப் பொண்ண நான் என்ன பேச்சுப் பேசினேன் தெரியுமா? பக்கத்துலதானே நின்னீங்க? காதால கேட்டீங்கதானே? உங்க வீம்புக்கு என் வாயையும் அழுக்காக்கிட்டீங்களே."

மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவே அவருக்குக் கூசியது. சகலைதான், "விடும்மா, வந்து சொல்லிட்டாரே" என்றார். "அஞ்சு நாள் கழிச்சு" என்றாள் மச்சினி. மறுநாள் அவளே தனியாக ஷோரூமுக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

சகலை மறுபடி பட்டறைக்குப் போக நான்கு மாதம் ஆனது. அதுவரை தினமும் காலையில் கடைக்காரர் போய் அவரைக் குளிக்க வைத்து, கட்டு நனையாமல் பார்த்துக்கொண்டு, சிகிச்சைக்குக் கூட்டிப்போய் வந்தார். மச்சினி கதவைத் திறந்துவிடுவாள். அதோடு உள்ளே போய்விடுவாள்.

பெரிய வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசலுக்கு அருகே நின்ற அந்தச் சின்ன வண்டியையே எடுத்துக்கொண்டார். அரை நாள் பயிற்சிக்கும் போனார். அவரைவிட இருபது வயது குறைந்தவர்கள் ஆறு பேரோடு, ரப்பர் கூம்புகளைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஓட்டினார். இரண்டு கூம்புகளைத் தட்டிவிட்டார். அன்று மாலை கட்டைவிரல் வீங்கியிருந்தது. மகள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தாள். ஐஸ் உருகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.