நிழலுக்கு ஒரு பாய்

மோட்டு தாகா தீவில் ஆலா என்கிற கடற்பறவைகளில் கடைசி ஒன்று செத்த பிறகும் பதினோரு வருடம் ஆலாக்களின் நிழல்கள் மணலில் பறந்துகொண்டிருந்தன. வானத்தில் ஒன்றும் இல்லை. கொப்பரை வெட்டப் போனவர்கள் முதல் வாரம் அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். குஞ்சுகளைத் தின்றது எலி. எலியைக் கொண்டுவந்தது கொப்பரைப் படகு. படகு யாருடையது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. தீவைப் போல அதுவும் எல்லோருடையது, எல்லோருடையதும் செய்த தப்புக்கு ஆள் கிடையாது.

நாலாம் வருடம் மீனுக்குப் போன இயோதாமா திரும்பவில்லை, அவன் ஓடம் மட்டும் வந்தது. அடுத்த மாதமே ஆலா நிழல்களுக்கு நடுவில் இடது தோள் சாய்ந்த ஒரு மனித நிழல் நடந்தது. அவன் மனைவி தெபாயேரு தினமும் ஊர்க்கரையிலிருந்து ஓடத்தில் கழியைத் தாண்டிப் போய், அது மறையும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

ஏழாம் வருடம், எலி ஒழிந்தால் ஆலா திரும்பும் என்று, பறவைகளைக் காக்கிற பறவைக்காரர்கள் எலி மருந்தோடு வந்தார்கள். மருந்து போட்டால் ஒரு வருடம் தீவில் ஒருவரும் கால் வைக்கக் கூடாது, அந்தத் தடைக்கு ராஉயி என்று பெயர். அதற்குப் பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஆக்லாந்தில் இருக்கிற பங்காளிகள், தீவை ஒருநாளும் பார்க்காதவர்கள், ஒரே நாளில் சம்மதம் அனுப்பிவிட்டார்கள். உடல் கிடைக்காதவன் இங்கே பங்காளிதான். கூட்டத்தில் அவனுக்கும் பாய் விரிப்பார்கள், அவன் சார்பில் மனைவி மட்டுமே பேசலாம்.

"கேட்டுப் பாத்தேன். அவரு வேண்டாங்கறாரு" என்றாள் தெபாயேரு.

கணவனின் தம்பி அராபதி விடவில்லை. "உயிரோட இருந்தப்ப ஒருநாளும் உன் பேச்சக் கேக்காத மனுஷன், இப்ப உன் வாயாலதான் பேசறாராக்கும், அண்ணி?"

"இருந்தப்பன்னு சொல்லாத. உடம்பு கெடைக்கல, அவ்வளவுதான்."

அவள் பொய் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். பாயைச் சுருட்டச் சொல்ல எவனுக்கும் வாய் வரவில்லை. சுருட்டினால் அவன் செத்தவன். மூன்று வருடம், மூன்று கூட்டம், அதே பதில். எலிகள் கொழுத்தன. ஆலா நிழல்கள் வருடா வருடம் வெளுத்தன, கிழிந்தன. பத்தாம் வருடம் இயோதாமாவின் நிழல் வலது கை இல்லாமல் வந்தது. அடுத்த வாரம் முழங்கால்களும் இல்லை. தெபாயேரு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவளே கூட்டத்தைக் கூட்டினாள்.

"சரிங்கறாரு" என்றாள். இம்முறையும் அவள் நிழலிடம் கேட்டிருக்கவில்லை.

ராஉயி வருடம் முழுக்க அவள் இக்கரையில் நின்று அக்கரையைப் பார்த்தாள். தடை முடிந்து அவள் போனபோது தீவில் ஒரு எலிகூட இல்லை. ஆலாக்கள் கத்திக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் தன் நிழலின் மேல், கால் பிசகாமல். பறவைக்காரர்கள் இருநூற்றுப் பதினாலு என்று எழுதிக்கொண்டார்கள். தெபாயேரு மணலில் தேடினாள். சொந்தக்காரன் இல்லாத நிழல் ஒன்றுகூட மிச்சமில்லை. திரும்ப ஓடம் ஏறினாள். ஒரு ஆலா வந்து ஓடத்தின் முனையில் உட்கார்ந்தது. நீரின் மேல் அதன் நிழல் விழுந்தது. இரண்டு கையும் இருந்தன, இடது தோள் சாய்ந்திருந்தது.

இப்போது கூட்டத்துக்கு அந்த ஆலா வருகிறது. பாயில் உட்காருகிறது, நிழல் சுவரில் ஏறி நிற்கிறது. காலெல்லாம் மணல் என்று தெபாயேரு அதைத் திட்டுகிறாள். அராபதி வருகைப் பதிவில் அண்ணன் பெயருக்கு நேரே வந்ததற்கு ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த விஷயத்தைப் படிக்கிறான்.