தொண்ணூற்றிரண்டைத் தாண்டக் கூடாது

டீச்சருக்கு மதிப்பெண் என்றால் நூறுதான். முப்பது வருடமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறவள். தொண்ணூற்றெட்டு வாங்கின பிள்ளையிடமும் "மீதி ரெண்டு எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் விடைத்தாளைக் கையில் கொடுப்பாள். அப்படிப்பட்டவளை ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, உங்கள் வீட்டுக்காரருக்கு எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்குள் இருந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம் என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? அதைத்தான் செய்தாள்.

அந்த எண் ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனின் அளவு. விரலில் மாட்டிய சின்ன கிளிப்பில் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும். கட்டிலில் கிடந்தவர் பஸ்களுக்கு ஸ்ப்ரே அடிக்கும் பெயிண்டர். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அடிக்கச் சொல்லி டீச்சர் கரடியாகக் கத்தியும் ஒருநாளும் கேட்டதில்லை. போதாததற்குச் சிகரெட் வேறு. நுரையீரலின் குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிவிட்டன என்று டாக்டர் சொல்லி வருடங்கள் ஆகின்றன. இந்த முறை சளிக்காய்ச்சலில் தொடங்கி, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் வந்து படுத்திருந்தார். ஊரே அவளை டீச்சர் என்று கூப்பிட்டது, அவரும் அப்படியே கூப்பிட்டார். கல்யாணமான புதிதில் கேலிக்கு ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது.

சேர்ந்த அன்றே ஆராய்ச்சி சிஸ்டர் வந்தாள். மற்ற நர்ஸுகளெல்லாம் வெள்ளைச் சீருடையில் ஓட, இவள் மட்டும் சாம்பல் நிறக் கோட்டில் நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இந்த நோய் இருக்கறவங்களுக்கு ஆக்சிஜன் குறைஞ்சாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. கூடினா உள்ள கெட்ட காத்து தேங்கிடும், மயக்கம் வரும். எந்த அளவுல நிறுத்தினா நல்லதுன்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி. ரெண்டு குழு இருக்கு. ஒண்ணுக்குக் கொஞ்சம் கீழ, இன்னொண்ணுக்குக் கொஞ்சம் மேல. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் எடுக்கும், நாங்க இல்ல."

"ரெண்டுல எது நல்லது?" என்றாள் டீச்சர்.

"அது தெரிஞ்சா ஏம்மா ஆராய்ச்சி பண்ணப் போறோம்?"

அவ்வளவுதான். அதற்கு முன் சொன்னதும் பின் சொன்னதும் டீச்சரின் காதில் ஏறவே இல்லை. விடை தெரியாமல் வகுப்புக்கு வந்து நிற்கிற வாத்தியார் மாதிரி இருந்தாள் அந்தப் பெண். வேண்டாங்க என்று டீச்சர் கண்ணைக் காட்டினாள். பெயிண்டர் கண்டுகொள்ளவில்லை.

"புது பெயிண்ட் வந்தா... நேரா பஸ் முழுக்கவா அடிக்கிறோம்?" என்றார், மூச்சு வாங்க வாங்க. "அடியில ஒரு கை... அடிச்சுப் பாப்போம். எனக்குப் பின்னாடி வரவனுக்கு... உதவட்டுமே. பேனாவக் குடு."

கம்ப்யூட்டர் அவரைக் கீழ்க் குழுவில் போட்டது, எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டு. சிஸ்டர் போன பிறகு டாக்டர் வந்து பரிசோதித்தார். போகும்போது டீச்சரைத் தனியாக அழைத்து, "இவர் நுரையீரல் இருக்கற நிலைமைல தொண்டைக்குள்ள குழாய் போட்டு மெஷின்ல வச்சா, திருப்பி எடுக்கறது ரொம்பக் கஷ்டம். அந்தக் கட்டத்துக்குப் போகாம பாத்துக்கணும்" என்றார். 

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். அதே ஆராய்ச்சிதான், ஆனால் மேல் குழு. மனுஷனுக்கு வெண்கலத் தொண்டை. காலையில் கண் விழித்ததும் விரலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நமக்குத் தொண்ணூத்தஞ்சு. உங்களுக்கு எவ்வளவு சார்?" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரிப்பார்.

"எண்பத்தொன்பது" என்பாள் டீச்சர், ஃபெயிலான பிள்ளையின் அம்மா மாதிரி.

"அடப்பாவமே" என்பார் டிரைவர். நல்ல மனசோடுதான் சொல்வார். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நாள் முழுக்க மென்றுகொண்டிருப்பாள் டீச்சர். ஒரே வார்டு, ஒரே நோய், சுவரிலிருந்து வருவதும் ஒரே காற்று. அவருக்குத் தொண்ணூற்றைந்து, இவருக்கு மட்டும் எண்பத்தொன்பதா? இவர் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சுவிடுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காற்றை யாராவது அளந்து கொடுப்பார்களா? ஒரு திருகைக் கொஞ்சம் திருப்பினால் தீர்கிற கஷ்டத்தை வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் ஆராய்ச்சியா?

திருகு கட்டிலின் தலைமாட்டில், அவள் நாற்காலியிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருந்தது. சுவரில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சின்னக் குண்டு. திருகைத் திருப்பினால் குண்டு மேலே ஏறும், காற்று கூடும். குழந்தைகூடச் செய்யலாம்.

நாலாம் நாள் காலை ஆராய்ச்சி சிஸ்டர் கூட்டம் இருக்கிறது என்று வேறு கட்டிடத்துக்குப் போனாள். டிரைவரை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். டீச்சர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பரீட்சைக் கூடத்தில் பிட் அடிக்கிற பிள்ளைகள் இப்படித்தான் பார்க்கும் என்பது அவளுக்குத் தெரியும். எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். தெரிந்தே திருகைத் திருப்பினாள். ஒன்றில் மிதந்த குண்டு ஐந்துக்கு ஏறியது.

எண் மெல்ல மேலே வந்தது. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றெட்டு. டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெயிண்டரின் தோள்கள் இறங்கின. மூச்சு நிதானமானது. முகத்தில் நாலு நாளாக இல்லாத சிவப்பு வந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு டீச்சர். தலைதான் லேசா வலிக்குது."

"தூக்கமில்லாததால இருக்கும். தூங்குங்க."

அவர் தூங்கினார். வார்டு நர்ஸின் தள்ளுவண்டிச் சத்தம் கேட்கும் போதெல்லாம் டீச்சர் திருகைப் பழையபடி இறக்கிவைத்தாள். நர்ஸ் கிளிப்பைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். "ஒரு லிட்டர்லயே தொண்ணூத்தேழா? அதிகமாச்சே" என்று குண்டை இன்னும் அரை லிட்டர் குறைத்தாள். "நல்லா தூங்குறாரே, தூங்கட்டும். சிஸ்டர் வந்ததும் சொல்றேன்." அவள் முதுகைத் திருப்பினாளோ இல்லையோ, டீச்சர் குண்டை ஏற்றிவிட்டாள். மனசு அடித்துக்கொண்டதுதான். ஆனால் அந்தத் தொண்ணூற்றெட்டைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டது.

மதியச் சாப்பாடு வந்தது. "எழுந்திருங்க, ஆறிடப் போகுது" என்று தோளைத் தட்டினாள். அவர் எழுந்திருக்கவில்லை. உலுக்கினாள். கண்ணைப் பாதி திறந்தார்.

"மஞ்சள் இன்னும் காயல" என்றார். "வண்டிய வெளிய எடுக்காத."

"என்ன உளர்றீங்க? நான் டீச்சர்."

அவர் கை தன்னால் வெட்டி வெட்டி இழுத்தது. கண் மறுபடியும் செருகிக்கொண்டது. டீச்சருக்கு முதலில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான், திருகு. எட்டிப் பிடித்து ஒரேயடியாக இறக்கினாள். எண் தொண்ணூற்றெட்டிலிருந்து சரசரவென்று இறங்கியது. தொண்ணூறு. எண்பத்திநாலு. எழுபத்தெட்டு. உதடு நீலமானது. கிளிப் கத்த ஆரம்பித்தது.

ஓடி வந்தார்கள். டாக்டர், வார்டு நர்ஸ், மூச்சிரைக்க ஆராய்ச்சி சிஸ்டர். திரையை இழுத்து மூடினார்கள். டீச்சரைத் திரைக்கு வெளியே நிறுத்தினார்கள். டாக்டர் அவர் நெஞ்சில் பலமாகத் தேய்த்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதிலில்லை.

"ஆக்சிஜன் எவ்வளவு போகுது?"

"அரை லிட்டர் டாக்டர். காலைலேருந்தே ஒண்ணுக்கு மேல வைக்கல. நடுவுல தொண்ணூத்தேழு இருந்தாரு."

"அரை லிட்டர்ல தொண்ணூத்தேழு, இப்ப எழுபத்தெட்டு, நினைவும் இல்ல. இடிக்குதே. நுரையீரல்ல ஓட்டை விழுந்திருக்கணும், இல்லன்னா மூளையில ஏதோ. காரணம் தெரியாம காத்திருக்க முடியாது. குழாய் போடலாம். எடுத்துட்டு வாங்க."

குழாய்.  சொன்னால் என்ன ஆகும்? போலீஸ் வருமா, பள்ளிக்கூடத்துக்குத் தெரியுமா, மகள் முகத்தில் எப்படி விழிப்பாள்? கட்டின புருஷனைத் தானே இப்படி ஆக்கினாள் என்று ஊர் சொல்லுமே. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. குண்டு அடியில்தான் கிடக்கிறது. இரும்புத் தட்டில் ஏதோ கருவிகளை வைக்கும் சத்தம் கேட்டது. திரை இடுக்கில், நர்ஸ் அவர் தலையைப் பின்னால் சாய்ப்பது தெரிந்தது.

"நான்தான்" என்றாள் டீச்சர். குரல் வெளியே வரவில்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் டாக்டரின் கையைப் பிடித்தாள். "நான்தான் திருகினேன். காலைலேருந்து அஞ்சுல வச்சேன். நர்ஸ் வரப்பல்லாம் இறக்கிட்டேன். இப்ப பயந்து போய் சுத்தமா இறக்கினேன். குழாய் போடாதீங்க."

 திட்டப்போகிறார் என்று டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டருக்குத் திட்ட நேரமில்லை.

"காலைல எப்பலேருந்து? விடாம அஞ்சா? நடுவுல தலைவலின்னாரா?" கேட்டுக்கொண்டே மணிக்கட்டில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். "கெட்ட காத்து தேங்கியிருக்கு. அதுதான்னா குழாய் இல்லாமலே வெளியேத்திடலாம். குழாய் பக்கத்துலயே இருக்கட்டும். இறுக்கமான மாஸ்க்கைப் போட்டு மெஷினால ஊதிப் பாப்போம். ஒரு மணி நேரத்துல கண்ண முழிக்கலன்னா வேற வழியில்லம்மா."

முகத்தைக் கவ்வுகிற மாஸ்க். மெஷின் புஸ்ஸென்று ஊத, அவர் நெஞ்சு ஏறியது, இறங்கியது. டீச்சரை வெளியே போகச் சொன்னார்கள், அவள் போகவில்லை. கைகள் இரண்டையும் கக்கத்தில் சொருகிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். சாமியைக் கூப்பிடவும் வாய் வரவில்லை. செய்ததையும் செய்துவிட்டு எந்த முகத்தோடு கூப்பிடுவது?

அந்த ஒரு மணி நேரம் முடியும் முன்பே பெயிண்டரின் விரல்கள் மாஸ்க்கைப் பிய்த்துப் போடத் தேடின. கண் திறந்தது. டாக்டர் நீளமாக மூச்சுவிட்டு, கருவித் தட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் ஆராய்ச்சி சிஸ்டர் வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"எங்களை ஆராய்ச்சிலேருந்து எடுத்துடுவீங்களா?"

"இல்ல. நடந்தத நடந்தபடி எழுதுவோம். அவரு அதே குழுவுலதான் இருப்பாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க சொல்லாம இருந்திருந்தா என்ன எழுதியிருப்போம் தெரியுமா? ஆக்சிஜனைக் குறைச்சு வச்சதால இந்த நோயாளிக்கு நினைவு தப்பிடுச்சுன்னு எழுதியிருப்போம். அதை நம்பி நாளைக்கு எத்தனை பேருக்குக் கூட்டி வச்சிருப்பாங்களோ."

 கணக்கு டீச்சருக்குப் புரிந்தது. யாரென்றே தெரியாத எத்தனையோ வீட்டுக்காரர்களின் தலைமாட்டில் அந்தக் குண்டு ஐந்துக்கு ஏறுவதைப் பார்த்தாள். 

மாஸ்க்கைக் கழற்ற இரண்டு நாள் ஆனது. அன்றைய தினத்தைப் பற்றி யாரும் பெயிண்டரிடம் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் சொல்வதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், நேரம் வந்தபாடில்லை.

மூன்றாம் நாள் முற்பகல், கழிவறைக்குப் போய்வந்த பத்தடிக்கே அவருக்கு மூச்சு முட்டியது. கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, முட்டியில் கைகளை ஊன்றி இழுத்தார். கழுத்து நரம்புகள் புடைத்தன. எண் எண்பத்தெட்டு. டீச்சர் நர்ஸைக் கூப்பிடும் பொத்தானை அழுத்தினாள். நர்ஸ் வந்து, நெஞ்சைக் கேட்டு, மருந்தைப் புகையாக ஊதும் நெபுலைசர் வைத்து முடித்து, "அளவு சரியாத்தான் இருக்கு, கொஞ்ச நேரத்துல அடங்கிடும்" என்று போனாள். அடங்கவில்லை.

"டீச்சர்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. "அந்தத் திருகை... கொஞ்சம் கூட்டேன்."

"கூடாதுங்க."

"அன்னிக்கு... எவ்வளவு சுகமா தூங்கினேன். அன்னிக்கு வச்ச மாதிரி... வையேன்."

 இனி நேரம் பார்க்க முடியாது.

"அன்னிக்கு நான்தாங்க கூட்டி வச்சேன். அது தூக்கமில்ல. நீங்க செத்துட்டிருந்தீங்க. தெரியாம நானே உங்களைக் கொல்லப் பாத்தேன்."

அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். கோபப்படுவார், குறைந்தபட்சம் முகத்தையாவது திருப்பிக்கொள்வார் என்று காத்திருந்தாள். அவர் இன்னும் இரண்டு மூச்சு இழுத்து, பேசுவதற்குக் காற்றைச் சேர்த்துக்கொண்டார்.

"பரவாயில்ல டீச்சர்" என்றார். "கொஞ்சம் கூட்டு."

டீச்சர் எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். அங்கே போட்டு உட்கார்ந்து, அவருடைய பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அங்கிருந்து திருகு எட்டாது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் பாதங்களை விடாமல் பிடித்துக்கொண்டு, மாட்டேன் மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.