அடுப்பில் போன முகம்

“...மலையனூருக்குப் போயிட்டானாம் அந்த போட்டோக்காரன். அமாவாசைக் கூட்டத்த உட்டுட்டு வரமாட்டானாம், நாளைக்குத்தானாம்,” என்றான் மகன் புஷ்பதந்தன், சைக்கிளைச் சுவரில் சாய்த்தபடி.

“நாளைக்கு வந்து இன்னாத்துக்கு? பொழுது சாயறதுக்குள்ள உங்க நைனாவத் தூக்கியாவணும்டா,” என்றாள் செத்தவரின் தங்கை ஜீவரத்தினம்.

கூடத்தில் சம்பவநாதன் கிடந்தார். காலையில் பல் துலக்கிக்கொண்டே கிணற்றடியில் சாய்ந்தவர்தான். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று கல்யாணத்தன்றுகூட காமிராவைக் கண்டதும் கொல்லைப் பக்கம் நழுவிய மனுஷன்.

ஆயுசை நன்றாகத்தான் காப்பாற்றிக்கொண்டார் என்று நினைத்தாள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தர்மவதி. சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவினார்கள்.

போன வருஷம் மூச்சிழுப்பு முற்றி, திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஓர் இயற்கை வைத்திய ஆசிரமத்தில் அவளைக் கொண்டுபோய் விட்டார்கள். வயிற்றில் ஈர மண்பட்டி, வேளைக்குப் பழம், ஆவிக்குளியல். மத்தியானம் தூங்கிவிடக் கூடாதென்று வைத்தியரம்மா ஆளுக்கொரு பழுப்புத்தாளும் கரித்துண்டும் கொடுத்தாள். தர்மவதி எதிரிலிருந்த வேப்பமரத்தை வரைந்தாள். முடித்தபோதுதான் கவனித்தாள், நெஞ்சில் அந்தச் சீழ்க்கை இல்லை. இத்தனை காலம் தனக்குள் கைகட்டிக் காத்திருந்த ஒருத்தி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. அப்புறம் குரங்கு, கோட்டை மதில், மலை. கடைசியாக, நினைவிலிருந்தே, புருஷன் முகம். அதைத்தான் ஆசை ஆசையாக மேலே வைத்து எடுத்துவந்தாள்.

“மூச்ச சரி பண்ணினு வாடின்னா கரி பூசிக்கினு வந்துகிறா. என்னைச் சாவடிக்கப் பாக்கிறியா?”

அந்த முகத்தைத்தான் சம்பவநாதன் முதலில் வெந்நீர் அடுப்பில் போட்டார். மிச்சத்தை ஜீவரத்தினம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கே இழுப்பு திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகு தர்மவதி கரியைத் தொடவில்லை. எதற்கோ காத்திருந்தாள். எதற்கென்று இப்போது தெரிந்தது. வாசலில் பச்சை மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்கள். பாடை கட்டி முடித்துவிட்டால் போதும். அந்த முகம் உலகத்தில் எங்கும் இருக்காது. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் தழும்பு, கீழுதட்டின் பிடிவாதம், எல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். விரல்களை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“எம் புள்ள பொறந்து, தாத்தா எப்படி இருந்தாருன்னு கேட்டா இன்னாத்தக் காட்டுவேன், அத்த?” என்றான் புஷ்பதந்தன். மாசமாயிருந்த அவன் மனைவி கதவோரம் தலை குனிந்துகொண்டாள்.

தர்மவதி மகனைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

ஜீவரத்தினம் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அறுபத்து நாலாம் வருஷக் காலண்டரில் கிழித்த தாளும் ஒரு பென்சிலும் கையில் இருந்தன. அண்ணியின் முன்னால் குந்தினாள். தாளின் வெள்ளைப் பக்கத்தை மேலாகத் திருப்பித் தரையில் வைத்து நீவினாள். ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“அண்ணி... எங்கண்ணன் மூஞ்சிய ஒருதரம் போட்டுக் குடு அண்ணி.”