முந்திக்கொண்ட கைதட்டல்

லிஃப்ட் மெக்கானிக் இறந்த வாரத்திலேயே அவருடைய கைதட்டல் இசைத்தட்டிலிருந்து காணாமல் போனது. இசைத்தட்டில் கீறல் எதுவும் இல்லை, ஊசியும் புதிது. மூத்த பிரிட்டிஷ் பாடகி ஒருவர் இந்த ஊர் அரங்கில் பாடியதை அப்படியே பதிவு செய்து வெளியிட்ட தட்டு அது. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிவதற்குச் சற்று முன்னால் டிரம்மில் ஒரே ஓர் அடி விழும். உடனே எல்லா வாத்தியங்களும் அடங்கும். கடைசி வரிக்காகப் பாடகி மூச்சை இழுப்பது கேட்கும். அரங்கமே வாயை மூடிக்கொண்டிருந்த அந்த அமைதியில் மெக்கானிக் மட்டும் டப்பென்று ஒருமுறை கைதட்டியிருந்தார். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் பாடகி கடைசி வரியைப் பாடினார். இப்போது கைதட்டல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. பாடகி மட்டும் காரணமே இல்லாமல் சிரித்தார். மெக்கானிக்கின் மனைவி ஊசியைத் திரும்பத் திரும்ப எடுத்து வைத்துப் பார்த்தாள்.

அவள் பல்செட் செய்கிறவள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஊர்க்காரர்களின் ஈறுகள் பிளாஸ்டர் அச்சுகளாக அலமாரியில் வாயைப் பிளந்துகொண்டிருக்க, புருஷனும் பெண்டாட்டியும் கல்யாணமான புதிதிலிருந்து அங்கே உட்கார்ந்துதான் அந்தப் பாடகியைக் கேட்டார்கள். இளம் வயதில் டிரம்பெட்டுகளோடு மல்லுக்கு நின்ற குரல். நடுவில் சில வருடங்கள் யார் பேச்சையோ கேட்டு ஆட்டத்துக்குத் தோதாகப் பாடி வீணாய்ப் போன குரல். அப்புறம் வயதாகி, அடியில் கொஞ்சம் மணல் தங்கி, மெல்லச் சொன்னாலே நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுகிற குரல். ஸ்டுடியோவில் பாடியதுதான் பாட்டு, ஒவ்வொரு சொல்லும் துடைத்து வைத்தாற்போல் இருக்கும் என்பது அவள் கட்சி. மேடையில் மூச்சு வாங்கி, வரியை மறந்து, சமாளித்துப் பாடுவதுதான் பாட்டு என்பது அவர் கட்சி. இந்தச் சண்டையில் பால் பொங்கி அடுப்பு அணைந்த நாட்கள் எத்தனையோ.

அன்றைய கைதட்டலுக்குக் காரணம் ரசனை அல்ல, வேலை. லிஃப்ட் குழிக்குள் கத்தினால் எதிரொலியில் ஒன்றும் விளங்காது. அதனால் மேலே நிற்கிறவர் பெட்டியை இறக்குமுன் ஒருமுறை கைதட்டிவிட்டுக் காத்திருப்பார். கீழே இருப்பவர் ஒதுங்கிக்கொண்டு பதிலுக்கு ஒருமுறை தட்டுவார். அந்தப் பதில் வராமல் பெட்டி நகராது. காலமெல்லாம் குழிக்குள் நின்ற மனிதருக்கு, ஓர் அடியும் அதற்குப் பின் ஓர் அமைதியும் வந்தால் வேறென்ன தோன்றும்? கை தானாகப் பதில் சொல்லிவிட்டது. அரங்கமே திரும்பிப் பார்த்தது. முன்வரிசை அம்மாள் ஒருத்தி கழுத்தைத் திருப்பி, "யாருங்க இது, உங்ககூட வந்தவரா?" என்று கேட்டாள். மானம் போகிறதே என்ற பதற்றத்தில் மனைவி, "எனக்குத் தெரியாதுங்க, யாரோ" என்று சொல்லிவிட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்குக் காது நன்றாகக் கேட்கும். வீட்டுக்கு வந்தும் அவள் விடவில்லை, இனி என் காதில் விழும்படி நீங்கள் கைதட்டவே கூடாது என்று கண்டித்தாள். அவர் சரி என்றார். மகள் மேடையேறிப் பட்டம் வாங்கியபோதும் கைகளைக் கட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். அன்று அவளுக்கு நெஞ்சு சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்க வேண்டும், நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள், கேட்காமலே அவரை அனுப்பிவைத்தாள்.

கைதட்டல் இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். முதலில் முடிவெட்டும் கடையில் கேட்டது. அங்கே ஓடியது ஸ்டுடியோப் பதிவு, பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத அறையில் பாடியது. அதிலும் டிரம் அடிக்குப் பின் டப் என்று வந்தது. பிறகு ரொட்டிக்கடை வானொலியில், பேருந்தில், பல் டாக்டரின் வரவேற்பறையில். பாடகியின் பாட்டில் எங்கே அமைதி வந்தாலும் ஒரு தட்டல். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், இவர் அதையும் தாண்டிவிட்டார் என்று முடிவெட்டுகிறவர் சிரித்தார். ஊர் கொஞ்ச நாள் பேசிவிட்டு, வெங்காய விலையைப் போல இதையும் ஏற்றுக்கொண்டது. "நேத்து உங்க வீட்டுக்காரர் நம்ம கடையில நல்லாத் தட்டினார்மா" என்று ரொட்டிக்கடைக்காரர் சேதி சொல்வார். அவள் போட்டது போட்டபடி ஓடிப்போய் நின்றால் வெறும் பாட்டுதான் ஓடும். அவள் தெருமுனை திரும்பியதும் தட்டல் கேட்டது என்பார்கள். செத்த பிறகும் மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதுதான் அவளை வாட்டியது. பக்கத்து வீட்டில் பாட்டு ஓடும்போது சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். கவனம் சிதறி ஒருவருடைய மேல்வரிசையில் ஒரு பல்லைக் கூடுதலாக வைத்துக் கொடுத்துவிட்டாள், அவர் வாயை மூட முடியாமல் திரும்பி வந்தார்.

குழியின் மேலே நின்று பெட்டியை இறக்கிய பழைய கூட்டாளி ஒருநாள் பார்க்க வந்தார். அவரிடம்தான் அவள் முதன்முதலாக எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"அண்ணி, மேல இருக்கறவங்க தட்டாம கீழ இருக்கறவன் தட்ட மாட்டான். நீங்கதான் முதல்ல கேக்கணும்."

"வீட்ல தட்டித் தட்டி என் கை செவந்ததுதான் மிச்சம்."

"தெரியாதுன்னு வீட்லயா சொன்னீங்க?"



அடுத்த வருடம் பாடகி மறுபடியும் அதே அரங்குக்கு வந்தார். அவள் இரண்டு இருக்கைகள் வாங்கி, ஒன்றில் புருஷனுடைய கோட்டை மடித்து வைத்தாள். பாடகிக்கு இப்போது நிற்க முடியவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்து பாடினார். உச்சத்துக்குப் போக முடியாத இடங்களில் குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் சொன்னார். மேடைப் பாட்டுதான் பாட்டு என்று புருஷன் சொன்னது சரிதான் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது, ஒப்புக்கொள்ளத்தான் ஆள் இல்லை. கடைசிப் பாட்டு வந்தது. டிரம் அடி விழுந்தது. பாடகி மூச்சை இழுத்தார். தட்டல் வரும் என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. வரவில்லை, ஏனென்றால் அவள் அங்கே இருந்தாள்.

அவள் கைதட்டினாள். அத்தனை தலைகளும் திரும்பின. முகம் தீயாக எரிந்தது, ஆனாலும் அவள் தலையைக் குனியவில்லை. பாடகி இழுத்த மூச்சை விடாமல் இருட்டுக்குள் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அப்போது பக்கத்து இருக்கையில், மடித்து வைத்த கோட்டுக்கு மேலே, டப்பென்று பதில் வந்தது.

முன்னால் இருந்த பெண் திரும்பி, காலி இருக்கையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள். "யாருங்க அது?"

"என் வீட்டுக்காரர்" என்றாள் அவள், நாலு வரிசைக்குக் கேட்கும்படி. "அவருக்கு எப்பவும் கொஞ்சம் அவசரம்."

"எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாடகி சிரித்தார், கடைசி வரியைப் பாடினார்.

இசைத்தட்டில் கைதட்டல் இப்போது பழைய இடத்திலேயே இருக்கிறது. முடிவெட்டும் கடையிலும் ரொட்டிக்கடையிலும் அது நின்றுபோனதில் கடைக்காரர்களுக்குச் சற்று வருத்தம். பட்டறையில் பாட்டு ஓடி அந்த இடம் நெருங்கும்போது, அவள் அரத்தைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை கைதட்டுவாள், பதில் வந்ததும் அடுத்த பல்லை எடுப்பாள்.