இல்லை என்று எழுதப்பட்டவை

சதுப்பு நிலத்தில் தவளைகள் இல்லை என்று அந்த உயிரியலாளன் அறிக்கையில் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை, தவளைகள் அத்தனையும் அவன் வீட்டுக் குளியலறைக்கு வந்து சேர்ந்தன. எண்ணிப் பார்த்ததில் நூற்றுப் பதினாறு. வாளியிலும் குவளையிலும் துண்டு போடும் கம்பியிலும் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. என்ன இனம் என்று புத்தகத்தைப் புரட்ட வேண்டிய அவசியம் அவனுக்கு இருக்கவில்லை, எல்லாம் பதினோரு வருடப் பழக்கம். அன்றிலிருந்து தெருவில் அவனுக்குத் தவளைக்காரன் என்று பெயர் விழுந்தது. சொந்தப் பெயரைத் தபால்காரர்கூட மறந்துபோனார்.

ஓரிடத்தில் கட்டடம் எழுப்ப நினைப்பவர்கள், அங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன, யாராவது குடியிருக்கிறார்களா என்று முதலில் அறிக்கை தர வேண்டும். அப்படிப்பட்ட அறிக்கைகளைத் தயாரித்துக் கொடுக்கும் ஆலோசனை நிறுவனத்தில் அவனுக்கு வேலை. அதன் முதலாளி கெட்டிக்காரர். எந்தத் தேதியில் போய்ப் பார்ப்பது என்பதை மட்டும் அவரே முடிவு செய்வார். மழைக்காலத்தில் மட்டுமே வெளியே வரும் தவளைகளைத் தேட, நடுக்கோடையில் மூன்று நாள் ஒதுக்கினார். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதற்கு ஒரு முழம் கீழே தவளைகள் தூங்குகின்றன என்று தெரிந்தேதான் தவளைக்காரன் மேலே நடந்தான். “பார்த்தத எழுதுப்பா. பார்க்காதத எழுதுன்னு நான் எப்ப சொன்னேன்?” என்றார் முதலாளி. அவனும் தென்படவில்லை என்றுதான் எழுத ஆரம்பித்தான். நாலு மேசை தாண்டி அச்சாகி வந்தபோது இல்லை என்று இருந்தது. அன்றைக்கு அவனுக்குப் பசி வேறு. கையெழுத்தைப் போட்டுவிட்டான்.

வாளிகளில் அள்ளிக்கொண்டு போய்ச் சதுப்பிலேயே விட்டுப் பார்த்தான். அவன் வீடு திரும்புவதற்குள் அவை சாக்கடைக் குழாய் வழியாக வந்து குளியலறையில் உட்கார்ந்திருந்தன. அடுத்த ஆறு வருடத்தில் அவன் பதினான்கு அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டான். துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் ஆமைகள் வந்தன. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் நீர்நாய் ஜோடி ஒன்று குடியேறியது. அலமாரி மேல் ஆந்தை. எதுவும் சாப்பிடுவதில்லை, முட்டையிடுவதில்லை, சாவதுமில்லை. வந்த அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. பல் மருத்துவமனையில் வேலை பார்த்த அவன் மனைவி, குளிப்பதற்கு அங்கேயே ஏற்பாடு செய்துகொண்டாள். “ஏங்க, இன்னும் எத்தனை கையெழுத்து பாக்கி இருக்கு?” என்று மட்டும் அவ்வப்போது கேட்பாள். பக்கத்து வீட்டார் புகார் கொடுத்ததில் சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்தார். பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த வட்டாரத்தில் இப்படி எந்தப் பிராணியும் பதிவில் இல்லை, ஆகவே புகாரை ஏற்க வழியில்லை என்று சொல்லி, வாசலில் கிடந்த ஆமையைத் தாண்டிக்கொண்டு போனார்.

தவளைக்காரனுக்கு ஓர் அக்கா. பெற்றவர்கள் போன பிறகு, ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துத் துவைத்தே அவனைப் படிக்கவைத்தவள். ஏரிக்கரையில் இருந்த ஏழு வீடுகளில் ஒன்றில் இருந்தாள். கரைக்கு ஆபத்து என்று பேச்சு வரும்போதெல்லாம் அவன் சொல்வான்: “எந்த ஃபைலா இருந்தாலும் என் கையத் தாண்டித்தான்க்கா போகணும். நீ நிம்மதியா இரு.” மற்ற ஆறு வீட்டுக்கும் அவளே போய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள். பிறகு எல்லோரும் நிம்மதியாகத்தான் இருந்தார்கள்.

ஒருநாள் அந்த ஃபைல் வந்தது. ஏரியைத் தூர்த்துக் கிடங்குகள் கட்டப் போகிறவர்கள், அதற்கு ஈடாக ஊருக்கு வெளியே பன்னிரண்டு ஏக்கரில் ஒரு சதுப்பு நிலத்தை மீட்டெடுத்துத் தரத் தயாராக இருந்தார்கள். பொறுப்பு முழுக்கத் தவளைக்காரனுக்கு. அங்கே எந்தெந்த உயிர்கள் உண்டு என்ற பட்டியலையும் அவனே எழுதலாம். உண்டு என்று ஒரு வார்த்தை எழுதினால் வீட்டில் இருக்கும் அத்தனைக்கும் விடுதலை. முதலில் சதுப்பு, பிறகுதான் ஏரிக்குக் கையெழுத்து என்று அடம்பிடித்தான், ஒப்புக்கொண்டார்கள். இரண்டு வருடம் சேற்றிலேயே கிடந்தான். வடிகால்களை அடைத்து, களைகளை வேரோடு பிடுங்கி, நாணலைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து நட்டான். வாழ்க்கையில் அவன் ஒழுங்காகச் செய்த வேலை அதுதான்.

ஏரிக்கரையைப் பார்வையிட முதலாளி குறித்த நேரம் புதன்கிழமை காலை பதினொன்று. பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். அங்கிருந்த ஒரே கைக்குழந்தையையும் அதன் தாய் வேலைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். ஏழு கதவிலும் பூட்டு. அக்கா வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சேலையை ஒதுக்கிவிட்டுத்தான் அவன் நடந்தான். “பூட்டிக் கிடக்கறத எப்படி குடியிருப்புன்னு எழுதறது? நீயே சொல்லு,” என்றார் முதலாளி. அக்காவுக்கு எங்காவது ஒரு வீடு பார்த்துவிடலாம், தவளைகளுக்குத் தன்னை விட்டால் யார் என்று நினைத்தான். நினைத்தது பொய் என்றும் அவனுக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் அக்காவைவிட அந்தச் சதுப்பின் மேல்தான் அவனுக்கு ஆசை அதிகமாக இருந்தது. சதுப்பில் உயிர்கள் உண்டு என்ற தாளிலும், ஏரிக்கரையில் குடியிருப்பு இல்லை என்ற தாளிலும் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் விடிந்ததும் எல்லாம் கிளம்பின. முன்னால் ஆமைகள், பின்னால் தவளைகள், கடைசியில் நீர்நாய்கள். ஆந்தை தனியாகப் பறந்து போனது. தெருவில் பால் வாங்க வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எட்டு வருடம் கழித்து மனைவி குளியலறையைத் தேய்த்துக் கழுவி, சாயங்காலம் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிதானமாகக் குளித்தாள். அவள் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் அக்கா, கையில் துணிப்பை. அவள் பின்னால் படிக்கட்டு நெடுக இன்னும் பதினெட்டுப் பேர்.

“வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனேன்டா. கையில சாவி இருக்கு, கதவக் காணோம்,” என்றாள் அக்கா. “உன் கையத் தாண்டித்தானே போச்சு?” என்று கேட்டாள். மனைவிதான் நகர்ந்து வழிவிட்டாள்.

கூடத்தில் நாலு குடும்பம், மாடியில் இரண்டு, அக்காவுக்குத் துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இடம். தான் எழுதியது தவறு என்று தவளைக்காரன் எழுதிய இருபத்தேழு கடிதங்களுக்கும், அப்படி ஒரு குடியிருப்பு இருந்ததாகப் பதிவில்லை என்று ஒரே பதில்தான் வந்தது. ஏரி இருந்த இடத்தில் கிடங்குகள் எழும்பின. பன்னிரண்டு ஏக்கர் சதுப்பு நன்றாகச் செழித்தது. மழைக்காலத்தில் தவளைச் சத்தம் ஊரெல்லாம் கேட்கிறது என்றார்கள். அவன் அந்தப் பக்கம் போகவே இல்லை. வீட்டில் இருந்த பத்தொன்பது பேரும் சாப்பிடவில்லை, நரைக்கவில்லை. கைக்குழந்தை கைக்குழந்தையாகவே இருந்தது. அதன் தாய் முதல் சில வருடம் அழுதாள், பிறகு பழகிவிட்டாள்.

அக்காவுக்கு இன்றும் ஐம்பத்துநாலு வயது. தவளைக்காரனுக்கு எழுபத்தொன்று. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். தான் போன பிறகு இவர்கள் யார் வீட்டுக்குப் போவார்கள் என்பதுதான் அவனுக்கு இருக்கும் ஒரே கவலை, அதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அன்று வாசலில் கேட்டதற்குப் பிறகு அக்கா அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவனைக் கைத்தாங்கலாக மாடிப்படி இறக்குவதும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் அவளை மகள் என்று நினைத்து, அப்பாவை இப்படிப் பார்த்துக்கொள்ளும் பெண் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவனிடம் சொல்கிறார்கள். அவள் மறுப்பதில்லை.