கண் திறக்காத காவல்காரர்கள்

காலை பதினோரு மணி இருக்கும். அறிவுச்செல்வி சாப்பாட்டு மேசையில் நின்றிருந்த பன்னிரண்டு பிளாஸ்டிக் பொம்மைகளையும் ஒவ்வொன்றாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். கட்டைவிரல் உயரம்கூட இல்லாத பொம்மைகள். அரிவாள், வேல்கம்பு, அரிக்கேன் விளக்கு, தீப்பந்தம் என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றன. திருப்பி வைத்த பிறகும் அவை தன்னைத்தான் பார்ப்பது போல இருந்தது. பார்ப்பதற்கு அவற்றுக்குக் கண்ணே கிடையாது, அதுதான் விஷயமே. "பொம்மைக்குப் போயி பயந்து சாகுறேன் பாரு" என்று தன்னையே வைதுகொண்டு அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். போட்ட டீயைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு மறுபடியும் பொம்மைகளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்தாள்.

அவளுடைய அப்பா கோயில் வாசலை மிதிக்காதவர். மகளுக்குச் சாமி பேர் வைக்கவே மாட்டேன் என்று சொந்தபந்தம் அத்தனை பேரோடும் மல்லுக்கட்டி இந்தப் பேரை வைத்தவர். அவளும் அப்படித்தான் வளர்ந்தாள். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். அப்புறம் வேலையை விட்டுவிட்டு, இந்த நாகல் நகர் மாடி வீட்டில் உட்கார்ந்து ஓர் ஆட்டத்தை உருவாக்கினாள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதை சொல்லிக்கொண்டே ஆடுவது. 'எல்லைக்காவல்' என்று பேர். ஊர் எல்லையைக் காவல் காக்கும் பன்னிரண்டு பேர். அந்தப் பக்கமிருந்து என்ன வருகிறது என்பது பகடைக்குத்தான் வெளிச்சம். ஆட்டம் கைக்கு வருமுன்பே இணையத்தில் எழுநூற்று நாற்பத்து மூன்று பேர் அவளை நம்பிப் பணம் கட்டியிருந்தார்கள். புத்தகத்துக்காகவா கட்டினார்கள்? பொம்மைக்காகக் கட்டினார்கள். இந்த ஆட்டக்காரர்கள் ஒரு தினுசு. கதை முன்னே பின்னே இருந்தால் மன்னித்துவிடுவார்கள். வாள் வளைந்திருந்தாலோ, மூஞ்சி மழுங்கி மெழுகு மாதிரி வந்தாலோ உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். வளைந்த வாளைச் சுடுதண்ணீரில் முக்கி நிமிர்த்தி நிமிர்த்தியே வெறுத்துப்போனவர்கள் அவர்கள். "என் பொம்மையில் அந்தப் பேச்சே இருக்காது" என்று அறிவுச்செல்வி எழுதிக் கொடுத்திருந்தாள்.

அதில் ஒரு குறையும் இல்லை. தாடிக்கொம்பு ரோட்டில் பிளாஸ்டிக் பட்டறை வைத்திருக்கும் ராயப்பராஜ் பக்கெட் கைப்பிடியும் பாட்டில் மூடியும் அடிக்கிறவர்தான். ஆனால் அச்சு வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "கொசுக் காலு இருந்தாக்கூட நம்ம அச்சுல விழுகும் தங்கச்சி" என்று சொன்னார். விழுந்தது. விளக்கு பிடித்த கிழவியின் மூக்குத்தி விழுந்தது, அரிவாள் பிடியில் சுற்றிய கயிற்றின் முறுக்கு விழுந்தது. நேற்று மதியம் அவள் பெருமையாக ஒரு படம் எடுத்து இணையத்தில் போட்டாள். அரை மணி நேரத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் படத்தைப் பெரிதாக்கி, மூக்குத்திக்கு மேலே ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். 'கண் எங்கே?' அவ்வளவுதான் எழுதியிருந்தார்.  அதற்குப் பிறகு அவள் இணையத்துப் பக்கம் போகவே இல்லை.

கண் எங்கே என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பொம்மைகளைக் கம்ப்யூட்டரில் செதுக்கியவர் சித்தையன்கோட்டை அழகர்சாமி. கோயில்களுக்கு மண் குதிரை செய்கிற குடும்பம். இவர் மண்ணை விட்டுவிட்டுத் திரையில் செதுக்க வந்தவர். மண்ணை விட்டாலும் வழக்கத்தை விடவில்லை. உருவம் முழுக்க முடித்துவிடுவார், கண்ணை மட்டும் திறக்க மாட்டார். அதற்கு வளர்பிறை வெள்ளிக்கிழமை வரவேண்டும். அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்து, குளித்து, கம்ப்யூட்டர் முன்னால் சூடம் காட்டிவிட்டுத்தான் திறப்பார். கேட்டபோது அறிவுச்செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். "எட்டு நாள் பொறுங்க டீச்சர்" என்றார் அவர். அந்த எட்டு நாளில் ராயப்பராஜ் பட்டறையில் அவளுக்கு ஒதுக்கிய முறை போய்விடும்; அடுத்த முறை மூன்று மாசம் கழித்துத்தான். பயறு அளவு மூஞ்சி, அதில் கடுகில் பாதி கண்ணு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். கண் திறக்காத கோப்பைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டாள். எட்டாம் நாள் அழகர்சாமி கண் திறந்து அனுப்பியதற்கு 'அச்சுக்குப் போயாச்சுண்ணே' என்று மட்டும் பதில் போட்டாள்; எந்தக் கோப்பு என்று சொல்லவில்லை. அவர் அனுப்பியதை அவள் இன்றுவரைக்கும் திறந்து பார்க்கவில்லை.

இப்போது அவர் வந்துகொண்டிருந்தார். பொம்மையைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டுமாம். 'பஸ் ஏறிட்டேன்' என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

என்ன சொல்வது? ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்ததில் ஒரு பொய் கிடைத்திருந்தது. பிளாஸ்டிக் சரியில்லை, கண் விழவில்லை. சுருக்கமான பொய். ராயப்பராஜ் தலையில் கட்டிவிட்டால் முடிந்தது. கோயம்புத்தூர்க்காரருக்கும் அதையே சொல்லிவிடலாம். நினைத்துப் பார்க்கத் தெம்பாகத்தான் இருந்தது. படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் அந்தத் தெம்பெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அழகர்சாமி வெயிலில் வந்த மூஞ்சியைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "எங்க டீச்சர், நம்ம ஆளுக?" என்று சிரித்தவர், மேசையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். விளக்குக் கிழவியை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். அவர் விரல் மெதுவாகப் பொம்மையைத் திருப்பியது. 

"பிளாஸ்டிக் சரியில்லண்ணே" என்றாள்.  "கண்ணு விழல."

 அவர் அடுத்த பொம்மையை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். பன்னிரண்டையும் பார்த்து, இருந்த மாதிரியே சுவரைப் பார்க்க வைத்துவிட்டு, லென்ஸைச் சட்டைப் பையில் போட்டார்.

"மூக்குத்தி விழுந்திருக்கு" என்றார். "கயித்து முறுக்கு விழுந்திருக்கு. அம்புட்டும் விழுந்திருக்கு டீச்சர். கண்ணு மட்டும் விழலன்னா, அது பிளாஸ்டிக் இல்ல. நானு."

"என்னண்ணே சொல்றீங்க?"

அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "அந்த வெள்ளிக்கெழம விரதமா இருந்தேன். காலையில எம் மக பானு தலசுத்திக் கீழ விழுந்துட்டா. ஏழு மாசம் டீச்சர் அவளுக்கு. அள்ளிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். ஒண்ணும் பயமில்லன்னு டாக்டரம்மா சொன்னதும் ஒரு சந்தோசத்துல, வாசல்ல ஒரு டீயக் குடிச்சிட்டேன். குடிச்சுப்புட்டுத்தேன் ஞாபகமே வந்துச்சு. நீங்க அவசரம்னு சொன்னீங்களேன்னு வந்து கண்ணத் தொறந்துட்டேன். ஒரு டீயில என்னன்னு நெனச்சேன்." அவர் மேசைப் பக்கம் கையைக் காட்டினார். "அது ஏத்துக்கல. பாருங்க, பன்னெண்டுலயும் ஏத்துக்கல. நாளைக்குப் பானுவுக்கு ஸ்கேன் இருக்கு. புள்ளைக்கு... அந்தப் புள்ளைக்கு எதுவும்..."

 வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அந்த ஆறடி ஆள் சத்தம் வராமல் குலுங்கினார்.

 சும்மா இருந்துவிடலாம் என்று அறிவுச்செல்விக்குத் தோன்றியது. அவர் தன்னால்தான் என்று நம்பிவிட்டார். எழுநூறு பேர் கேட்டாலும் எதையாவது சொல்லிக்கொள்ளலாம், ராயப்பராஜ் பேர்கூடக் கெடாது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அத்தனையும் முடிந்துபோகும். ஆனால் நாளைக்கு ஸ்கேன் எடுக்கும் அறைக்கு வெளியே இந்த மனுஷன் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தாலும் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அந்த டீயைத்தானே நினைப்பார்? அடிப்பாவி என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"அண்ணே. நீங்க கண்ணு தொறந்தது பட்டறைக்கே போகல."

அவர் நிமிர்ந்தார்.

"நான் அதுக்கு முன்னாடியே அனுப்பிட்டேன். தொறக்காதத. எட்டு நாள் பொறுக்க முடியல. நீங்க அனுப்புனது இன்னும் என் கம்ப்யூட்டர்லதான் கெடக்கு, நான் பாக்கவே இல்ல. உங்க மேல தப்பில்ல. பிளாஸ்டிக்கும் நல்லாத்தான் இருக்கு. நான்தான்."

வைவார் என்று காத்திருந்தாள். மேசையைத் தட்டிவிடுவார், எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் போனை எடுத்தார். "பானு, சாப்டியா? ஒண்ணுமில்ல, சும்மாதேன் கூப்பிட்டேன். நல்லாருக்கும்மா. எல்லாம் நல்லாருக்கு." வைத்துவிட்டு ரொம்ப நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு நாலு வசவே தேவலை என்று தோன்றியது அவளுக்கு.

"எம்புட்டு அடிச்சாச்சு?"

"ஒம்பதாயிரத்துக்குப் பக்கம்."

"அம்புட்டையும் கையாலதேன் தொறக்கணும். ஊசி இருக்கா? ஒரு கண்ணாடியும் எடுத்தாங்க."

தையல் பெட்டியிலிருந்து ஊசியும், பீரோவிலிருந்து கைக்கண்ணாடியும் எடுத்து வந்தாள். அவர் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, விளக்குக் கிழவியை அதற்கு முகம் காட்டி நிறுத்தினார். "நேரா மொகத்தப் பாத்துத் தொறக்கக் கூடாது. கண்ணாடியில பாத்துத்தேன் குத்தணும்." அவள் ஊசியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அவசரப்பட்டது நீங்க. நீங்க தொறங்க."

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாதுண்ணே."

"அப்பறம் ஏன் டீச்சர் எல்லாத்தையும் சொவத்தப் பாக்கத் திருப்பி வச்சிருக்கீங்க?"

நீட்டிய ஊசியை அவள் தன் பக்கமே இழுத்துக்கொண்டாள்.

"காலையிலருந்து ஏதாச்சும் சாப்டீங்களா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். மேசை மூலையில் டீ ஆறி, ஆடை படிந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். "நல்லது" என்றார்.

அவள் குனிந்தாள். கண்ணாடியில் பயறு அளவு முகம் தெரிந்தது. மூக்குத்தி, சுருங்கிய கன்னம், அதற்கு மேலே வழவழவென்று வெறுமை. அதற்குப் பின்னால், மங்கலாக, பெரிதாக அவளுடைய சொந்த முகம். ஊசியை வலப்பக்கம் கொண்டுபோனால் கண்ணாடியில் அது வேறு எங்கோ போனது.  ஊசி முனை கிழவியின் கன்னத்தில் ஒருமுறை இடித்து விலகியது. அழகர்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். சுவரைப் பார்த்து நின்ற மற்ற பதினொரு பேரும் அசையாமல் நின்றார்கள். அவள் மறுபடியும் ஊசியைக் கொண்டுபோனாள். கண்ணாடிக்குள் அந்த முனை மெல்ல மெல்ல முகத்தை நெருங்கியது, நெருங்க நெருங்க அவளுக்குத் தன் கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மூடாமல் இருந்தாள்.